கிளாலி தாண்டினால் இமிகிரன்ட் ஆகிவிடுமா?

கிளிநொச்சியில் ஒரு கொம்யூனிக்கேஷன் கடையில் போட்டோக்கொப்பிக்கு நின்றேன். பக்கத்தில் ஒரு ஐயா கனடா மகளுக்காக ஆங்கிலக் கடிதம் ஒன்று அடிப்பித்துக்கொண்டிருந்தார். "95இல யாழ்ப்பாணத்தால இடம்பெயர்ந்து வந்தனாங்கள் தம்பி" என்று அவர் சொல்ல, பொடியன் யோசிக்காமல் இமிகிரன்ட் என்று தட்டிவிட்டான்.

இதுதான் இங்கே அடிக்கடி நடக்கிற பிழை. இமிகிரன்ட் என்றால் இன்னொரு நாட்டுக்குள் போய் அங்கேயே வாழத் தொடங்கியவர். யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் நடுவிலுள்ள கிளாலிக் கடலைத் தாண்டி வன்னிக்கு வந்தவர் நாட்டைத் தாண்டவில்லை, அவர் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர். உள்நாட்டு இடம்பெயர்வு பற்றிய ஐ.நா.வின் 1998ஆம் ஆண்டு வழிகாட்டிக் கோட்பாடுகளும் இந்த எல்லைக் கணக்கில்தான் நிற்கின்றன.

அகராதியைப் பார்த்து 'குடியேற்றவாசி' என்று எழுதுகிறவர்களும் உண்டு. சொல் பிழையில்லை, ஆனால் வன்னியில் குடியேற்றம் என்றாலே இரணைமடுக் குளத்தின் கீழ் காணி கிடைத்து வந்தவர்களோ, மணலாற்றுக் குடியேற்றமோ, இல்லாவிட்டால் 2009க்குப் பிறகு படிவம் படிவமாக நிரப்பிய மீள்குடியேற்றமோதான் மனதில் வரும், கனடாவில் இருக்கிற மகள் வரமாட்டாள். 'குடிவரவாளர்' என்று போடுங்கள், குழப்பமில்லை.

சரி, திசை? குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் என்று பெயரிலேயே இரண்டையும் வைத்திருக்கிறார்களே. மாங்குளத்திலிருந்து நோர்வே போனவர் நமக்குக் குடியகன்றவர், நோர்வேக்காரருக்குத்தான் குடிவரவாளர். கட்டாருக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் போனவரைப் புலம்பெயர் தொழிலாளர் என்றால் போதும்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்த மலையகக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளை இன்னமும் 'வந்தேறி' என்கிற வாய்கள் இங்கே இருக்கின்றன. 1948 சட்டம் குடியுரிமையைப் பறித்தது போதாதென்று இது வேறு. பூட்டன் கப்பலில் வந்தால் பூட்டன்தான் குடிவரவாளர். இங்கே பிறந்த பிள்ளை எங்கிருந்து வந்தது?

அப்புறம் அந்தக் கடிதம். நான் சொல்ல, பொடியன் டிஸ்பிளேஸ்ட் என்று மாற்றினான். ஐயாவும் தலையாட்டினார். அடுத்த வரியில், பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) எடுத்து ரொறன்ரோவில் வீடும் வாங்கிவிட்ட மகளுக்கும் அதே டிஸ்பிளேஸ்டைப் போட்டுவிட்டான்.