கழுகுமலை போகிறீர்களா? மேலிருந்து பாருங்கள்

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலைக்குச் சுமார் 20 கிலோமீட்டர்தான். காலையிலேயே மலை ஏறிவிடுங்கள். வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். தண்ணீர் பாட்டிலை மறக்க வேண்டாம்.

மலையிலுள்ள பாறைக் கோயிலான வெட்டுவான் கோயிலுக்குள் நேரே இறங்கிவிடாதீர்கள். பாறை விளிம்பில் கொஞ்சம் நில்லுங்கள். கல் மேல் கல் வைத்துக் கட்டியதல்ல இது. 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்தது. சிகரம் முழுதாக முடிந்திருக்கும், அடிப்பகுதி அரைகுறையாக நிற்கும். அந்த மிச்சத்தில்தான் வேலை நடந்த விதமே புரியும். அப்புறம் தெற்குப் பக்கம் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியைத் தேடுங்கள். அந்த விரல்களைப் பார்த்து நான் அசந்துபோனேன்.

அதே மலையிலுள்ள சமணர் சிற்பங்களுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அவற்றின் கீழே வட்டெழுத்து, அதாவது பழங்காலத் தமிழ் எழுத்து, இருக்கிறது; கைவைத்துத் தேய்க்காதீர்கள்.