சென்னையில் மாநகராட்சிப் புகார்: யாரிடம், எப்படிச் சொன்னால் வேலை நடக்கும்

சென்னையில் ஒரு தெருவின் தரை ஒரு துறை, தரைக்கடியில் ஓடும் குழாய் இன்னொரு துறை, கம்பத்தில் எரியும் விளக்கு ஒன்று, அந்தக் கம்பத்துக்கு வரும் மின்சாரம் வேறொன்று. பதிவான புகார் வேலை நடக்காமலே மூடப்பட்டால், பெரும்பாலும் அது போகக் கூடாத மேசைக்குப் போயிருக்கும், அல்லது ஒரே புகாரில் மூன்று துறைகளின் வேலையை எழுதியிருப்பார்கள். புகார் கொடுக்கும் முன் ஐந்து நிமிடம் செலவிட்டு அது யாருடைய வேலை என்று பாருங்கள். பாதி அலைச்சல் குறையும்.

பெருநகர சென்னை மாநகராட்சியிடம் இருப்பவை: குப்பை, உட்புறச் சாலைகள், பேருந்து தடச் சாலைகளில் பெரும்பகுதி, மழைநீர் வடிகால், தெருவிளக்கு, பூங்கா, கொசு ஒழிப்பு, தெருநாய், மாநகராட்சிப் பள்ளி, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், பிறப்பு இறப்புப் பதிவு, சொத்து வரி, மயானம். குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, எண் 044-45674567. மின்சாரம் மின்வாரியம், அதன் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் மூன்றும் நீர்வளத் துறையிடம் உள்ளன. அண்ணா சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை போன்றவை நெடுஞ்சாலைத் துறையின் பராமரிப்பு. போக்குவரத்து சிக்னல் என்றால் காவல்துறை.

இதில் மக்கள் அதிகம் குழம்புவது சாக்கடையில்தான். கழிவுநீர்க் குழாயும் மழைநீர் வடிகாலும் இரண்டு தனித்தனி அமைப்புகள். கழிவுநீர்க் குழாய் பெரும்பாலும் சாலையின் நடுவில் ஓடும். அதன் மேன்ஹோல் மூடி வட்டமாக இருக்கும். மழைநீர் வடிகால் சாலையோரத்தில், கான்கிரீட் பெட்டி போல, மேலே பலகை மூடிகளோடு இருக்கும். மழையே இல்லாத நாளில் நடுச்சாலை மேன்ஹோல் பொங்கினால் குடிநீர் வாரியத்தைக் கூப்பிடுங்கள். மழை விட்ட பிறகும் தண்ணீர் வடியாமல் நின்றால் மாநகராட்சி. அப்போது சாலையோரத்தில் தண்ணீர் உள்ளே இறங்கும் திறப்பைப் பாருங்கள். அதை அடுத்துள்ள வண்டல் வடிகட்டித் தொட்டியில் சருகும் பிளாஸ்டிக் பையும் மண்ணும் அடைத்திருந்தால், வடிகால் காலியாகவே இருந்தாலும் தெருவில் தண்ணீர் நிற்கும். ‘தண்ணீர் தேங்குகிறது’ என்று எழுதுவதைவிட, ‘இந்த வீட்டு எண் எதிரே வடிகட்டித் தொட்டி அடைத்திருக்கிறது’ என்று எழுதினால் வருகிற ஊழியர் நேராக அங்கேதான் கை வைப்பார்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. மழையில்லாத நாளிலும் மழைநீர் வடிகாலில் கறுப்புத் தண்ணீர் ஓடும், நாறும். யாரோ தங்கள் கழிவுநீர் இணைப்பை வடிகாலில் விட்டிருக்கிறார்கள், அல்லது கழிவுநீர்க் குழாய் உடைந்து கசிகிறது. இந்தப் புகாரை இரண்டு துறையும் ஒன்றையொன்று காட்டித் தள்ளிவிடும். அதனால் இரண்டிலும் தனித்தனியாகப் பதிவு செய்து, ஒன்றின் புகார் எண்ணை மற்றதில் குறிப்பிட்டு, இரு பொறியாளர்களும் சேர்ந்து ஆய்வு செய்ய வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். இப்படிக் கேட்காமல் இந்த வகைப் புகார் முடிந்து பார்ப்பது அரிது.

தெருவிளக்கிலும் இதே கவனம் தேவை. ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் விளக்கோ அதன் இணைப்போ பழுது. கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் கொடுத்தால் போதும். தெரு முழுதும் ஒரே நேரத்தில் அணைந்தால் கேபிளிலோ சுவிட்ச் பெட்டியிலோ கோளாறு. அதை ஒரே புகாராக, ‘இந்தக் கம்பம் முதல் அந்தக் கம்பம் வரை’ என்று எழுதுங்கள். பகலில் விளக்கு எரிந்தால் தானாக அணைக்கும் கருவி பழுது, அதுவும் மாநகராட்சி வேலைதான். சாலையோரம் நிற்கும் மின் விநியோகப் பெட்டி (பில்லர் பாக்ஸ்) திறந்து கிடந்தால் மட்டும் மின்வாரியம். மழை நாளில் அதன் பக்கத்தில் போகாமல், முதலில் மின்னகத்துக்குச் சொல்லுங்கள்.

தெருநாய் விஷயத்தில் ‘பிடித்துக்கொண்டு போய்விடுங்கள்’ என்று கேட்பதில் பயனில்லை. 2023ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடித்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். கருத்தடை ஆகாத நாய்கள் எத்தனை, எந்த நேரத்தில் எங்கே படுத்திருக்கும் என்று சொன்னால் வண்டி வரும்போது வேலை நடக்கும். வெறிநோய் அறிகுறி இருந்தாலோ, யாரையாவது கடித்திருந்தாலோ அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

இனி மாநகராட்சிக்குள். நகரம் வார்டுகளாகவும் மண்டலங்களாகவும் பிரிந்திருக்கிறது. 2011இல் எல்லை விரிந்தபோது 155 வார்டுகள் 200 ஆயின. வீட்டிலிருக்கும் பழைய ரசீதின் வார்டு எண் இப்போது செல்லாமல் போகலாம், சரிபார்த்துக்கொள்ளுங்கள். சாலை, வடிகால் வேலைகளுக்கு வார்டில் உதவிப் பொறியாளர். அவருக்கு மேல் உதவி செயற்பொறியாளர், மண்டலத்தில் செயற்பொறியாளர், மண்டல அலுவலர். குப்பைக்குத் துப்புரவு ஆய்வாளர், கொசுவுக்கும் உணவகச் சுகாதாரத்துக்கும் சுகாதார ஆய்வாளர், வரிக்கு உதவி வருவாய் அலுவலர். தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகைக்கு நேராகப் போனாலும் மனு கடைசியில் வார்டு உதவிப் பொறியாளர் மேசைக்குத்தான் வரும், சில நாள் தாமதமாக.

புகாரை 1913 என்ற தொலைபேசி எண்ணில் சொல்லலாம், ‘நம்ம சென்னை’ செயலியிலும் பதியலாம். செயலி நல்லது, படமும் இடமும் சேர்ந்து போகும். ஒரு புகாரில் ஒரே வேலை. இரண்டு படம் எடுங்கள்: ஒன்று பழுதை அருகிலிருந்து, மற்றொன்று கடைப் பலகையோ தெருப்பெயர்ப் பலகையோ தெரியும்படி சற்றுத் தள்ளி நின்று. வீட்டில் உட்கார்ந்து பதிந்தால் வரைபடக் குறி வீட்டின் மேல் விழும், ஊழியர் தவறான இடத்துக்கு வந்து ‘பழுது இல்லை’ என்று மூடிவிடுவார். புகார் எண்ணை எழுதி வையுங்கள். வேலை நடக்காமல் ‘முடிந்தது’ என்று குறுஞ்செய்தி வந்தால், அன்றே அதே இடத்தில் மறுபடி படம் எடுத்து, பழைய புகார் எண்ணுடன் மீண்டும் பதியுங்கள். பிறகு இரண்டு எண்களையும் மண்டல அலுவலருக்கு மனுவாகக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் ‘முதல்வரின் முகவரி’ துறைக்கு 1100 என்ற எண்ணில் சொல்லுங்கள்.

சாலை போடும்போது மட்டும் வேலை நடக்கும் முன்பே நீங்கள் அங்கே நிற்க வேண்டும். பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே புதியது போட்டால் சாலை உயர்ந்துகொண்டே போகும், மழைநீர் வீட்டு வாசலுக்குள் வரும். சுரண்டல் நடக்கிறதா என்று பாருங்கள். நடக்காவிட்டால் தார் ஊற்றும் முன் உதவிப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். ஊற்றியபின் சொல்லிப் பயனில்லை.

சான்றிதழ்களில் முக்கியமானது: பிறப்பு, குடியிருக்கும் ஊரில் அல்ல, நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும். தாம்பரத்தில் குடியிருந்தாலும் எழும்பூர் மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்குச் சென்னை மாநகராட்சிதான் சான்று தரும். பதிவு 21 நாளுக்குள். மருத்துவமனைப் பிறப்பை மருத்துவமனையே அறிவிக்கும், ஆனால் பெற்றோர் பெயர் எழுத்துப்பிழையின்றிப் போகிறதா என்று வீடு திரும்பும் முன் நீங்கள்தான் பார்க்க வேண்டும். குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். 1.10.2023 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் இதுவே வயதுச் சான்று என்பதால், ஓர் எழுத்துப் பிழையும் பின்னால் பெரிய தொல்லை.

சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் 30, அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். வீடு வாங்கியவர்கள் சொத்து வரி, குடிநீர் வரி, மின் இணைப்பு மூன்றிலும் பெயர் மாறிவிட்டதா என்று தனித்தனியே சரிபாருங்கள்.

புதிய வடிகால், புதிய விளக்குக் கம்பம் போன்றவை 1913இல் நடக்காது. அவற்றுக்கு மதிப்பீடு, நிதி, டெண்டர் வேண்டும். வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் எழுதிக் கொடுத்து, மாமன்ற உறுப்பினரிடமும் கொடுங்கள். பட்ஜெட்டுக்கு முன்பே, டிசம்பர் வாக்கில் கொடுப்பது நல்லது. மனு எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிக் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். ‘என் மனுவின் மீது எந்தத் தேதியில், யார், என்ன குறிப்பு எழுதினார், அந்தக் கோப்பின் நகல் தருக’ என்று கேளுங்கள்.