மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து இங்கிலாந்துக்கு வந்த பெண்களுக்கு: டாக்டரிடம் போகுமுன்

ஊரில் காய்ச்சல் என்றால் விடியவே ஆசுபத்திரிக்குப் போய் ஓபிடி வரிசையில் நிற்போம். பின்னேரமானால் பிரைவேட்டில் காட்டுவோம். எப்படியும் கையில் மருந்தோடுதான் திரும்புவோம். இங்கே நாள்கணக்கில் காத்திருந்து ஜிபி என்ற குடும்ப டாக்டரைப் பார்த்தால், "தண்ணி நிறையக் குடியுங்கள், பரசிட்டமோல் போடுங்கள்" என்று அனுப்பிவிடுவார். அகதி என்றபடியால்தான் கவனிக்கவில்லை என்று அழுத பெண்களைக் கண்டிருக்கிறேன். வைரஸ் காய்ச்சலுக்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது. இந்த நாட்டுக்காரருக்கும் அதே பதில்தான். ஆனால் வருத்தம் கூடினால் திரும்பவும் கூப்பிடுங்கள். ஒருதரம் அனுப்பிவிட்டார்களே என்று வீட்டில் கிடக்காதீர்கள்.

வந்தவுடன் ஜிபியில் பதியுங்கள். பாஸ்போர்ட்டோ விசாவோ முகவரி அத்தாட்சியோ இல்லாவிட்டாலும் பதியலாம், காசும் இல்லை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தங்குமிடம் மாற்றினால் புது முகவரியை உடனே கொடுங்கள். இல்லையென்றால் கடிதமெல்லாம் பழைய இடத்துக்கே போகும்.

பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவையுங்கள். அதுவும் இலவசம், பெரும்பாலும் டெலிபோனில் வருவார். கணவரையோ பிள்ளையையோ பேசவிடாதீர்கள். வெள்ளைபடுதலை, வீட்டில் விழும் அடியை, சண்டைக்காலத்தில் உடம்புக்கு நடந்ததைப் பத்து வயதுப் பிள்ளை எப்படி டாக்டருக்குச் சொல்லும்? பெண்தான் வேண்டும் என்று கேட்கலாம். தெரிந்த ஊர்க்காரர் வந்துவிட்டால் ஆளை மாற்றச் சொல்லலாம்.

ஊரில் மிட்வைஃப் அக்கா படலையைத் திறந்துகொண்டு நம்மைத் தேடி வருவார். இங்கே வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் நாங்கள்தான் மிட்வைஃபிடம் பதிய வேண்டும். முதல் சந்திப்பு 10 கிழமைக்குள் நடப்பது நல்லது. சுகப்பிரசவம் என்றால் அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எழும்பி நடக்கச் சொல்வார்கள், காலில் இரத்தம் கட்டாமல் இருக்கத்தான். வேது வைக்க அம்மா இல்லை, சரக்குக்கறி இல்லை, சுறாப்புட்டு அவித்துத் தர ஆளில்லை. அந்த நேரத்து வெறுமையை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. சரக்குச் சாமான்களை லண்டனில் ஈஸ்ட்ஹாம், ரூட்டிங் தமிழ்க் கடைகளில் முன்னமே வாங்கி, வந்து சமைத்துத்தர ஒருத்தியை இப்போதே பேசி வையுங்கள். மிட்வைஃபும், பிறகு தாயையும் பிள்ளையையும் பார்க்கும் நர்ஸான ஹெல்த் விசிட்டரும் வீட்டுக்கு வருவார்கள். பிள்ளையைப் பறிக்க வருகிறார்கள் என்று கதவைப் பூட்டிக்கொள்ள வேண்டாம். மனம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

ஊரில் 35 வயதில் எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் செய்யும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு இங்கே 25 முதல் 64 வயது வரை கடிதம் வரும். நோய் இல்லையே என்று அதை எறிந்துவிடாதீர்கள்.

தலையிடி, நெஞ்சு இறுக்கம், நித்திரையின்மை என்று மட்டும் சொன்னால் தலையிடிக்குத்தான் மருந்து வரும். சண்டையிலும் 2004 சுனாமியிலும் இழந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். கதைத்து ஆற்றும் சிகிச்சை இலவசமாக இருக்கிறது; ஜிபி அனுப்பாமலே நாமாகவும் கேட்கலாம்.

நெஞ்சுநோ, மூச்சு முட்டல் என்றால் ஆம்புலன்சுக்கு 999க்கு அடியுங்கள். வயிற்றில் பிள்ளையின் துடிப்புக் குறைந்தால், இரத்தம் பட்டால் விடியும்வரை பாராமல் மகப்பேற்றுப் பிரிவுக்கு டெலிபோன் எடுங்கள், இரவென்றாலும் சரி. உயிராபத்து இல்லாத மற்ற அவசரத்துக்கு, மருத்துவ ஆலோசனை சொல்லும் 111. எடுத்தவுடன் "டமில் இன்டர்பிரெட்டர் ப்ளீஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு லைனில் நில்லுங்கள்.