‘நான் யாருன்னே தெரியல’ என்று ஒருவர் சொன்னால்: புதிய ஆலோசகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனநல ஆலோசனைப் பயிற்சிக்கு வருபவர்கள் எழுதும் குறிப்புகளைப் படித்துத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. ஆட்கள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. நான் பயிற்சியில் இருந்தபோது செய்த அதே தவறுகள்தான். வந்தவரைப் பேசவிடாமல் அறிவுரை சொல்வது, ரகசியத்தை வெளியே விடுவது போன்றவற்றை வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். ‘அடையாளம்’ என்ற சொல்லைச் சுற்றி நடக்கும் தவறுகள் அவ்வளவு சுலபமாகக் கண்ணில் படுவதில்லை.

கேட்டவுடனே ‘ஐடென்டிடி கிரைசிஸ்’ என்று எழுதுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

கல்லூரிப் பையன்கள் பேச்சில் ‘அடையாள நெருக்கடி’ என்று பொருள்படும் இந்தச் சொல்லுக்குப் பெரிய கனம் கிடையாது. வேலைக்குப் போவதா, மேலே படிப்பதா என்று குழம்பினாலே ‘ஐடென்டிடி கிரைசிஸ் மச்சி’ என்பார்கள். உளவியலாளர் எரிக் எரிக்சன் அதைச் சொன்ன இடம் வேறு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், சான் பிரான்சிஸ்கோவின் மவுண்ட் சயான் சிகிச்சை மையத்தில் அவர் போர்வீரர்களைப் பார்த்தார். நேற்று இருந்த அதே ஆள்தான் இன்றும் நான், என் வாழ்க்கை அறுபடாமல் ஓடுகிறது என்ற உணர்வு அவர்களிடம் போயிருந்தது. அதற்குத்தான் முதலில் அந்தப் பெயர். பிறகு வளரிளம் பருவத்தின் தேடலுக்கும் அதையே வைத்தார். அங்கே அது நோயல்ல, அந்த வயதில் வரும் ஒரு திருப்பம்.

பயிற்சியில் இருப்பவர்கள் மனப்பாடம் செய்வது இந்தப் பின்பாதியை மட்டும்தான். அதனால் பெயரை எழுதியதும் ‘வயசு அப்படி’ என்று நிம்மதியாகிவிடுகிறார்கள்.

ஒரு மாணவரைப் பெற்றோர் கூட்டிவந்தார்கள். வகுப்புக்குப் போவதில்லை, நண்பர்களை விட்டு ஒதுங்கிவிட்டார், ‘நான் நானா இல்லை’ என்கிறார். பயிற்சியில் இருந்த ஆலோசகர் வழக்கம்போல ‘ஐடென்டிடி கிரைசிஸ்’ என்று எழுதி, எதிர்காலம் பற்றிப் பேசி, சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார். அந்த மாணவரோ ‘நான் நானா இல்லை’ என்பதை நேர்ப்பொருளிலேயே சொல்லியிருக்கிறார். தன் தலைக்குள் ஓடுவது தன் எண்ணமில்லை, வேறு யாரோ போடுவது. தான் நினைப்பது பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கிறது. இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை, அவரும் விளக்கிச் சொல்லவில்லை. சாப்பாட்டில் விஷம் என்று பயந்து தட்டைத் தள்ளிய பிறகுதான் மனநல மருத்துவரிடம் போனார்கள். அதற்குள் மாதங்கள் போய்விட்டன. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயில் சிகிச்சை தள்ளிப்போகப் போக மீள்வது கடினமாகிறது. அந்த மாதங்களைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது.

நாலு கேள்வி கேட்டிருந்தால் போதும். எப்போதிலிருந்து இப்படி? தூக்கம் எப்படி? மனதில் ஓடுவது உங்கள் எண்ணம்தானா, வேறு யாராவது நுழைப்பது போல இருக்கிறதா? ஆள் இல்லாதபோது குரல் கேட்கிறதா?

இதே வாக்கியத்தை வேறொருவர் சொல்லும்போது, தன்னைத் தானே தூரத்தில் நின்று பார்ப்பதுபோல் இருக்கிறது என்பார். கடும் பதற்றத்திலும் தூக்கமின்மையிலும் இது வரும். ‘அப்படித் தோணுது, ஆனா உண்மை இல்லைன்னு தெரியும்’ என்று அவரே சொல்லுவார். அந்தத் தெளிவு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இன்னொருவருக்கு விருப்பம், நட்பு, லட்சியம் எல்லாம் வாரத்துக்கு வாரம் தலைகீழாக மாறும். உடனே எல்லைநிலை ஆளுமைக் கோளாறு (பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர்) என்று எழுதாதீர்கள். அதற்கான ஒன்பது அளவுகோல்களில் தன்னைப் பற்றிய நிலையின்மை ஒன்றே ஒன்று. குறைந்தது ஐந்து பொருந்த வேண்டும்.

மனச்சிதைவை ‘ஸ்பிளிட் பர்சனாலிட்டி’ என்பது

ஒரே உடலில் இரண்டு ஆள் என்பது நம் சினிமா ஊட்டி வளர்த்த நம்பிக்கை. 1908-இல் ஸ்கிசோஃப்ரினியா என்று பெயர் வைத்த மனநல மருத்துவர் ஓய்கன் பிளாய்லர் சொன்ன பிளவு, எண்ணத்துக்கும் உணர்ச்சிக்கும் இடையிலானது. பல ஆளுமைகள் தோன்றுவது வேறு நோய். 1994-இல் ‘மல்டிபிள் பர்சனாலிட்டி’ என்ற அதன் பெயரையே ‘டிஸ்ஸோசியேட்டிவ் ஐடென்டிடி டிஸார்டர்’ என்று மாற்றிவிட்டார்கள்.

ஃபேக் ஐடியைக் கோளாறு என்பது

அது கோளாறு இல்லை. வலைத்தளத்தில் வேறு பெயரில் கணக்கு வைத்திருப்பதை மட்டும் வைத்து நோய் என்று எழுதாதீர்கள்.

தெளிவாகப் பேசுபவரைக் கண்டு திருப்தியாவது

‘சின்ன வயசிலேர்ந்தே டாக்டர்தான் ஆகணும்’ என்று ஒரு பெண் உறுதியாகச் சொன்னால், அடையாளம் அமைந்துவிட்டது என்று எழுதுகிறார்கள். உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966-லேயே இரண்டைப் பிரித்துக் கேட்கச் சொன்னார்: தேடிப் பார்த்தாரா, பிறகு உறுதி எடுத்தாரா. தேடாமலே வீட்டார் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டவரும் இதே உறுதியோடுதான் பேசுவார். நீட் மதிப்பெண் குறைந்த அன்று அவர் காலடியில் தரை இருக்காது. அதற்காகப் போய் அவர் முடிவைக் கலைத்துவிடவும் வேண்டாம். வேறு எதையாவது யோசித்ததுண்டா என்று கேட்டு வையுங்கள்.

பாலின அடையாளத்தையும் யார்மீது ஈர்ப்பு என்பதையும் குழப்புவது

இரண்டும் வேறு. தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை 2014-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. வந்தவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள்.

‘ஈகோ’வைப் பாடப்புத்தகப் பொருளில் பேசுவது

தெருவில் ஈகோ என்றால் திமிர். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டின் வழியில் அது ஆசைக்கும் மனசாட்சிக்கும் வெளியுலகுக்கும் நடுவே நின்று சமாளிக்கும் பகுதி. சண்டை தீர வந்த தம்பதியிடம் பயிற்சியில் இருந்த ஓர் ஆலோசகர் ‘ஈகோ பலமாக இருக்க வேண்டும்’ என்றார். கணவர் அடுத்த வாரம் அதையே மனைவிக்கு எதிராக எடுத்துக்கொண்டு வந்தார், அந்த அமர்வு முழுக்க அதைச் சரிசெய்யவே போனது. இப்போதெல்லாம் அந்த இடத்தில் ‘சமாளிக்கிற தெம்பு’ என்று சொல்லச் சொல்கிறேன்.