கோடிங்குக்குத் திரும்புகிறீர்களா? சர்வர் வாங்காதீர்கள்

பல வருடம் கழித்து மறுபடியும் கோடிங் பக்கம் வந்து, அதில் கொஞ்சம் காசும் பார்க்கலாம் என்று நினைத்தால், டொமைன், சர்வர் எதுவும் வாங்காமல் முதல் வேலையை கூகுள் ஷீட்டில், அதற்குள்ளேயே கோட் எழுத கூகுள் தரும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டிலேயே எழுதுங்கள். அது ஜாவாஸ்கிரிப்ட்தான், விட்டுப்போன கை சீக்கிரம் பழகிவிடும், செலவும் இல்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு டியூஷன் சென்டர் என்று வையுங்கள்: மாதக் கட்டணம் வராத மாணவரின் வரிசை சிவப்பாகி, காலை 8 மணிவாக்கில் பெற்றோருக்குத் தானாக மின்னஞ்சல் போனாலே சென்டருக்குப் பெரிய உதவி, அதற்கு 40, 50 வரி போதும். ஷீட் சென்டர்காரர்களுக்கு ஏற்கெனவே பழக்கமானது, புதிதாக எதையும் சொல்லித்தர வேண்டாம். உங்கள் பணத்தை டூயிட்நவ் கியூஆரில் (மலேசிய வங்கிகளின் ஸ்கேன் செய்து பணம் அனுப்பும் முறை) வாங்கிக்கொள்ளுங்கள், பேமெண்ட் கேட்வே எல்லாம் அப்புறம்.

ஆனால் இலவசக் கணக்கில் நாளுக்கு 100 பேருக்குத்தான் மின்னஞ்சல் போகும், ஸ்கிரிப்ட் ஒரு தடவை ஓடும்போது 6 நிமிடம் தாண்டினால் நின்றுவிடும். அதோடு, ஒரே நேரத்தில் பலர் உள்ளே வந்து வேலை பார்க்கும் இடத்துக்கு இது சரிவராது. வியாபாரமாகத் தொடங்கிவிட்டால் 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) பதிந்துவிடுங்கள், சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளிதான்.