வளையும் வெப்பமின் தகடு: சென்னையில் வடிவமைக்கும் முறை

வெப்பத்தை மின்சாரமாக்கும் வளையும் தகட்டை வடிவமைப்பவர், பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் வெப்பநிலை வேறுபாடு கிடைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1821இல் இயற்பியலாளர் சீபெக் கண்டறிந்த விளைவு, அதாவது பொருளின் இரு முனைகளின் வெப்பநிலை வேறுபாடு மின்னழுத்தத்தை உண்டாக்குவது, அந்த வேறுபாட்டால் மட்டுமே இயங்குகிறது. மே மாதச் சென்னையில் மதியக் காற்று 38 டிகிரியைத் தாண்டும்போது தோலின் வெப்பநிலை 34 டிகிரி அளவில்தான் இருக்கும். குளிர்நாடுகளில் பயன்தரும் மணிக்கட்டுப் பட்டைக்கு இங்கே வேலையில்லை. அம்பத்தூர், மணலி ஆலைகளின் நீராவிக் குழாய்களே தக்க இடம் என்பது என் உறுதியான கருத்து.

குழாய்க்கு பிஸ்மத் டெல்லூரைடு என்னும் குறைக்கடத்தி ஏற்றது. அது ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 200 மைக்ரோவோல்ட் தரும். ஆனால் எளிதில் உடையும். எனவே பி வகை (நேர்மின் துளைகள் மின்னோட்டத்தைச் சுமப்பது), என் வகை (எலக்ட்ரான்கள் சுமப்பது) எனும் இருவகைத் துண்டுகளை மாறிமாறி சிலிகோன் ரப்பரில் பதித்து, மெல்லிய செம்புப் பட்டைகளால் தொடராக இணைக்க வேண்டும். வளைவதை ரப்பரும் செம்பும் ஏற்றுக்கொள்ளும். செம்பு உள்ளே ஊடுருவாதிருக்க, பற்றவைக்கும் முனைகளில் நிக்கல் பூச்சு தேவை.

துண்டுகளை நெருக்கி அடுக்கினால் மின்சாரம் கூடும் என்று தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. குழாய் 100 டிகிரி, காற்று 35 டிகிரி எனக் கொள்வோம். விசிறியில்லாத பரப்பிலிருந்து காற்றுக்கு வெப்பம் செல்வதே பெருந்தடை என்பதால், 2 மில்லிமீட்டர் உயரத் துண்டுகள் பரப்பை முழுதும் நிரப்பினால் அவற்றின் குறுக்கே 1 டிகிரி வேறுபாடுகூட நிற்காது. பரப்பில் 5 விழுக்காடு மட்டும் நிரப்பி மற்றதை ரப்பருக்கு விட்டால் சுமார் 4.5 டிகிரி நிற்கும். ஒரு பி, ஒரு என் துண்டு கொண்ட 50 இணைகள் ஏறத்தாழ 90 மில்லிவோல்ட் தரும். 20 மில்லிவோல்ட்டிலேயே இயங்கத் தொடங்கும் மின்னழுத்தம் உயர்த்தும் சில்லுகள் கடையில் கிடைப்பதால் இது போதுமானது. வெளிப்பக்கத்தில் அலுமினியச் சிறகுகளைப் பொருத்தினால் இன்னும் கூடும்.

பெடாட்:பிஎஸ்எஸ் என்னும் கடத்தும் பாலிமர் தானாகவே வளையும், மையைப் போல அச்சிடவும் முடியும்; ஆயினும் டிகிரிக்கு 20 மைக்ரோவோல்ட் அளவே தரும். அதைச் சென்னையில் அளப்பவர்கள் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். ஈரத்தை உறிஞ்சிய படலத்தில் அயனிகள் நகர்ந்து மின்னழுத்தத்தைத் தற்காலிகமாக உயர்த்திக் காட்டும். உலர் அறையில், அளவு நிலைபெறும் வரை காத்திருந்து பதிவதே நேர்மையான முறை.

வளைவுச் சோதனையை உண்மையான குழாயின் ஆரத்திலேயே செய்யுங்கள். தகட்டின் புறப்பரப்பு இழுபடும் விகிதம், மொத்தத் தடிமனை ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும். ஒவ்வொரு சுற்று வளைவுக்குப் பிறகும் தகட்டின் மின்தடையை அளந்து, அது உயரத் தொடங்கினால் முதலில் பற்றவைப்புகளைச் சோதியுங்கள். இறுதியாக, இணைக்கும் சுமையின் (மின்சாரத்தைப் பயன்படுத்தும் கருவியின்) தடையைத் தகட்டின் உள்தடைக்குச் சமமாக அமைத்தால் திறன் உச்சத்தை நெருங்கும்.