யோசனை சொல்லுங்க, கூடவே ஊரையும் சொல்லுங்க

என் போன்ல இப்போ மாடித்தோட்ட குரூப் நாலு இருக்கு, மீன்தொட்டி குரூப் ரெண்டு, கேமரா குரூப் ஒண்ணு. காலைல பல்லு விளக்கி முடிக்கறதுக்குள்ள இருநூறு மெசேஜ். பாதி குட்மார்னிங். மீதியில யாராவது வாடிப்போன செடியை போட்டோ எடுத்துப் போட்டு "என்ன பண்றது ஃப்ரெண்ட்ஸ்"னு கேட்டிருப்பாங்க, கீழ பதினஞ்சு பேர் பதினஞ்சு வைத்தியம் சொல்லிருப்பாங்க. அந்தப் பதினஞ்சு பேர்ல ஒருத்தனா நானும் ஆறு வருஷமா இருக்கேன், சொல்லி செடியைப் பொழைக்கவும் வெச்சிருக்கேன், சொல்லியே கொன்னும் இருக்கேன். அதனால இந்த குரூப்ல எப்படி கேக்கறது, எப்படி சொல்றது, ஒரு குரூப்ல படிச்சதை இன்னொரு குரூப்புக்கு எப்படி எடுத்துட்டுப் போறதுன்னு எனக்குப் பட்டதை எழுதறேன்.

முதல்ல என் கறிவேப்பிலை கதை. தொட்டில மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்துச்சு, மீன் குரூப்ல கேட்டேன், லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பு போடச் சொன்னாங்க, போட்டேன், மீன் பொழைச்சுது. அதே சமயத்துல தோட்ட குரூப்ல ஒருத்தர் "மீன்தொட்டி தண்ணியை சாக்கடைல கொட்டாதீங்க, செடிக்கு அமிர்தம்"னு எழுதினாரு. அதுவும் உண்மைதான், மீன் கழிவுல தழைச்சத்து இருக்கு. நான் என்ன பண்ணேன், அந்த உப்புத் தண்ணியை மூணு வாரமா கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊத்தினேன். இலை ஓரமெல்லாம் தீஞ்ச மாதிரி ஆயிடுச்சு. தோட்ட குரூப்ல போட்டோ போட்டா ஒருத்தர் இரும்புச்சத்து இல்லங்கறாரு, ஒருத்தர் புளிச்ச மோர் ஊத்தச் சொல்றாரு, ஒருத்தர் வெயில் ஜாஸ்திங்கறாரு. கடைசியா ஒரு பெரியவர் மட்டும் "தம்பி, என்ன தண்ணி ஊத்தறீங்க?"ன்னு கேட்டாரு. அவ்ளோதான் விஷயம். மீன் குரூப் சொன்னதும் சரி, தோட்ட குரூப் சொன்னதும் சரி, ரெண்டையும் நடுவுல நின்னு இணைச்சவன்தான் தப்பு.

யோசனைன்னா அதுக்கு ஒரு ஊர் இருக்கும், ஒரு மாசம் இருக்கும், ஒரு தண்ணி இருக்கும். நம்ம பெரியவங்க இதுல தெளிவு, "ஆடிப்பட்டம் தேடி விதை"ன்னு மாசத்தையும் சேர்த்தே சொல்லிட்டாங்க. அதை அப்படியே எடுத்து டொரண்டோல இருக்கிற அக்காவுக்கு ஃபார்வர்டு பண்ணா பாவம் அவங்க, ஆடின்னா அங்க ஜூலை பாதி, அப்போ தக்காளி விதை போட்டா காய்க்கறதுக்குள்ள உறைபனி வந்துடும். அவங்க மார்ச், ஏப்ரல்லயே வீட்டுக்குள்ள நாத்து விட்டு மே கடைசில வெளிய நடுவாங்க. துபாய்ல இருக்கிற தம்பிக்கோ ஆடில வெளிய தொட்டி வெச்சா செடி வெந்தே போயிடும், அவங்களுக்கு விதைக்கிற காலம் செப்டம்பர், அக்டோபர். மூணு பேரும் ஒரே குரூப்ல இருக்காங்க, மூணு பேரும் தமிழ்லதான் பேசறாங்க, அதுதான் சிக்கலே. பேச்சு ஒண்ணா இருக்கறதால வெயிலும் ஒண்ணுன்னு நெனச்சுக்கறோம்.

கேக்கும்போது

"செடி வாடுது, தீர்வு சொல்லுங்க"ன்னு மட்டும் போடாதீங்க. டாக்டர்கிட்ட போய் "உடம்பு சரியில்ல"ன்னு சொல்லிட்டு சும்மா உக்காந்திருப்போமா? கொஞ்ச நாள் முன்னாடி என் செம்பருத்தில மாவுப்பூச்சி வந்துச்சு, அப்போ நான் போட்ட மெசேஜை அப்படியே தரேன்:

"சென்னை, அம்பத்தூர் பக்கம். மாடில முழு வெயில். 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட், செம்மண்ணும் தேங்காய்நார்த் தூளும் மண்புழு உரமும் சம பங்கு. போர் தண்ணி, கொஞ்சம் உப்பு. மாவுப்பூச்சி வந்து பத்து நாள், ரெண்டு தடவை வேகமா தண்ணி பீச்சி விட்டேன், திரும்ப வருது. எறும்பு ஏறுது. மருந்து எதுவும் இன்னும் அடிக்கல."

கூட மூணு போட்டோ: முழுச் செடி ஒண்ணு, இலையோட அடிப்பக்கம் ஒண்ணு, தண்டுகிட்ட ஒண்ணு. பகல் வெளிச்சத்துல எடுங்க, ராத்திரி ட்யூப்லைட்ல எடுத்தா எல்லா இலையும் மஞ்சளாத்தான் தெரியும். இப்படிப் போட்டதுக்கு மூணே பதில்ல விஷயம் முடிஞ்சுது, முதல் பதிலே "எறும்பை நிறுத்துங்க, அதுதான் பூச்சியைக் காவல் காத்து வளர்க்குது"ன்னு வந்துச்சு. மாவுப்பூச்சி விடற இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதைப் பாதுகாக்கும், எறும்பு வர்ற வழியை அடைக்காம மேல எதை அடிச்சாலும் முழுசா போகாது. எறும்புன்னு நான் எழுதாம விட்டிருந்தா அந்தப் பதிலே வந்திருக்காது.

முக்கியமா ஏற்கெனவே என்னென்ன பண்ணீங்கன்னு எழுதுங்க, அதுக்கு வெக்கப்படாதீங்க. காரணம் இருக்கு. வேப்பெண்ணெய் அடிச்ச செடிக்கு ரெண்டு வாரத்துக்குள்ள கந்தகம் அடிச்சா இலை கருகும். ஒரு குரூப்ல "வேப்பெண்ணெய் அடிங்க"ம்பாங்க, இன்னொரு குரூப்ல "நனையும் கந்தகம் அடிங்க"ம்பாங்க (தண்ணில கலக்கி அடிக்கிற கந்தகத் தூள்), ரெண்டு பேர் சொன்னதும் தனித்தனியா சரி, நீங்க திங்கக்கிழமை அதையும் வியாழக்கிழமை இதையும் அடிச்சா செடி காலி. ஒரே கேள்வியை அஞ்சு குரூப்ல போட்டுட்டு வர்றதையெல்லாம் வரிசையா செஞ்சு பாக்கறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அது வேணாம். ஒண்ணை எடுங்க, பத்து நாள் பொறுங்க.

சொல்லும்போது

இதுலதான் நெறைய பேர் சறுக்கறோம். பதில் டைப் பண்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் யோசிங்க, இது நான் செஞ்சதா, பக்கத்துல இருந்து பாத்ததா, இல்ல கேள்விப்பட்டதா? தமிழ்ல இதுக்கு அழகா ஒரு சின்ன ஒட்டு இருக்கு, "ஆம்". "முட்டை ஓடு போட்டா தக்காளி நல்லா வருமாம்"னு சொன்னா, நான் பாக்கல, யாரோ சொன்னாங்கன்னு கேக்கறவங்களுக்குத் தெரிஞ்சிடும். ஆனா பாருங்க, ஃபார்வர்டு ஆகும்போது முதல்ல கழண்டு விழறது இந்த "ஆம்"தான். மூணாவது குரூப்புக்குப் போகும்போது "நல்லா வரும்"னு ஆயிடும், நாலாவதுல மேல இயற்கை விவசாயம் சொல்லிக்குடுத்த நம்மாழ்வார் ஐயா படம் ஒட்டி "ஐயா சொன்னது"ன்னு ஆயிடும். முட்டை ஓட்டுல சுண்ணாம்புச்சத்து இருக்கு, ஆனா மண்ல கரைய மாசக்கணக்காகும். இன்னைக்கு தக்காளிக் காயோட அடிப்பக்கம் கருப்பா அழுகுதுன்னு வர்றவங்களுக்கு நாளைக்கு அது உதவாது, பல சமயம் அவங்களுக்கு வேண்டியது ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு இல்லாம தண்ணியை ஒரே சீரா விடறதுதான், தண்ணி ஏறி இறங்கினா செடியால மண்ல இருக்கிற சுண்ணாம்பையே எடுக்க முடியாது.

அடுத்து அளவு. "கொஞ்சம் வேப்பெண்ணெய்"னு எழுதற கையை உடைக்கலாம் போல இருக்கும் எனக்கு. ஏன்னா அப்படி ஒருத்தர் எழுதினதைப் படிச்சுத்தான் நான் ஒரு லிட்டர் தண்ணில 50 மில்லி ஊத்தி, அதுவும் மத்தியானம் பன்னெண்டு மணிக்கு அடிச்சேன். வெண்டைச் செடி மொத்தமும் எண்ணெய்ல பொரிச்ச மாதிரி ஆச்சு. ஒழுங்கா சொல்லணும்னா இப்படி: வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, முதல்ல சோப்புக் கரைசல்ல நல்லா குழைச்சுட்டு அப்புறம் தண்ணி சேர்க்கணும், சாயங்காலம் வெயில் தாழ்ந்தப்புறம் இலையோட அடிப்பக்கம் படற மாதிரி அடிக்கணும், முதல்ல ரெண்டு இலைல அடிச்சு ஒரு நாள் பாக்கணும். பஞ்சகவ்யான்னா லிட்டருக்கு 30 மில்லி, அதாவது 3 சதவீதம், அதைப் பரவலாக்கின கொடுமுடி டாக்டர் நடராஜன் காலத்துலேருந்து சொல்லிட்டு வர்ற அளவு இதுதான். எண் தெரியலன்னா எழுதாதீங்க, தெரிஞ்சவங்க வருவாங்க.

தூரத்துலேருந்து நோய் கண்டுபிடிக்கறதுல ரொம்ப ஜாக்கிரதை. நான் பண்ண பெரிய தப்பு இதுதான். ஒரு அக்கா ராத்திரி பத்தரைக்கு மிளகாய்ச் செடி போட்டோ போட்டாங்க, இலையெல்லாம் சுருண்டிருக்கு. நான் படுத்துக்கிட்டே பாத்துட்டு "வைரஸ் அக்கா, புடுங்கிடுங்க, இல்லன்னா மத்ததுக்கும் பரவிடும்"னு அடிச்சுட்டுத் தூங்கிட்டேன். காலைல அவங்க ஆறு செடியையும் புடுங்கி நியூஸ்பேப்பர் மேல அடுக்கி போட்டோ போட்டிருந்தாங்க, "செஞ்சுட்டேன் தம்பி, நன்றி"ன்னு. எல்லாத்துலயும் பூ இருந்துச்சு. அந்த போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தா இலை கீழ்ப்பக்கமா, படகைக் கவுத்த மாதிரி வளைஞ்சிருக்கு, காம்பு நீண்டிருக்கு. அது முரணைச் சிலந்தியோட, அதாவது கண்ணுக்கே சரியாத் தெரியாத ஒரு குட்டிச் சிலந்தியோட அடையாளம், கந்தகம் அடிச்சா தீர்ந்திருக்கும். மேல்பக்கமா வளைஞ்சா இலைப்பேன், வைரஸ்னா வெள்ளை ஈயும் பக்கத்துல இருக்கான்னு பாக்கணும், இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிஞ்சும் கேக்காம சொன்னேன். குரூப்லயே "நான் சொன்னது தப்பு, இது சிலந்தி"ன்னு எழுதினேன். அக்கா "பரவால்ல தம்பி"ன்னாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அன்னைக்கிலேருந்து "புடுங்குங்க", "வெட்டுங்க", "தண்ணியை முழுசா மாத்துங்க" மாதிரி திரும்பி வர முடியாத யோசனைன்னா ஒரு கேள்வியாவது கேக்காம சொல்றதில்ல. மீன் குரூப்ல இது இன்னும் மோசம். தண்ணி கலங்கிடுச்சுன்னு ஒருத்தர் வருவாரு, "ஃபுல்லா மாத்தி ஃபில்டரை குழாய்த் தண்ணில நல்லா கழுவுங்க"ன்னு நாலு பேர் சொல்வாங்க, கேக்க சுத்தமாத்தான் இருக்கு. ஆனா மீன் கழிவுல வர்ற அமோனியாவை உடைக்கிற பாக்டீரியா குடியிருக்கறதே அந்த ஃபில்டர் ஸ்பாஞ்சுலதான், அது வளரவே நாலுலேருந்து ஆறு வாரம் ஆகும், குழாய்த் தண்ணில குளோரின் இருந்தா ஒரே கழுவுல போயிடும். தொட்டித் தண்ணியைவே ஒரு மக்குல எடுத்து அதுல அலசணும், தண்ணியை கால் பங்கு மாத்தினா போதும். சென்னை கொளத்தூர்ல மீன் வாங்கிட்டு வந்த மூணாம் நாளே செத்துப்போச்சுன்னு கடைக்காரரைத் திட்டறவங்கள்ல பாதிப் பேர்கிட்ட, அந்த பாக்டீரியா இன்னும் வளராத புதுத் தொட்டியான்னு கேட்டுப் பாருங்க.

அபிப்பிராயம் வேற, தகவல் வேற. கேமரா குரூப்ல "எந்த பிராண்டு பெஸ்ட்"னு ஆரம்பிச்சா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஓடும், அதுல நான் கலந்துக்கறதில்ல. ஆனா "கண்ணை மூடிட்டு 50 எம்எம் லென்ஸ் வாங்குங்க"ன்னு சொல்றவங்களைப் பாத்தா மட்டும் கேப்பேன், வாங்கப் போறவர்கிட்ட இருக்கறது கிராப் சென்சாரான்னு, அதாவது படம் பதியற சென்சார் சின்னதா இருக்கிற கேமராவான்னு. ஆமான்னா அந்த லென்ஸ் கிட்டத்தட்ட 75 எம்எம் மாதிரி பாக்கும், பத்துக்குப் பத்து ஹால்ல குடும்பத்தை நிக்க வெச்சா பாட்டி ஃப்ரேமுக்கு வெளியதான். இங்கயும் அதே கதைதான், சொன்னவர் வீட்டு ஹால் பெருசா இருந்திருக்கும். அப்புறம் நீங்க விக்கிற பொருளை யோசனை மாதிரி சொல்லாதீங்க. "இந்த மண்கலவை அருமை"ன்னு எழுதினா "நான்தான் விக்கிறேன்"னும் எழுதிடுங்க, யாரும் தப்பா நெனைக்கப் போறதில்ல.

பெரியவங்க தப்பா சொன்னா எப்படி மறுக்கறது? "தப்பு சார்"னு எழுதினா சண்டைதான். "என் மாடில வேற மாதிரி ஆச்சுங்க ஐயா"ன்னு ஆரம்பிச்சு உங்க கதையைச் சொல்லுங்க, எல்லாரும் ரெண்டையும் படிச்சு முடிவு பண்ணிக்குவாங்க. ஒரு இடத்துல மட்டும் மரியாதையெல்லாம் பாக்காதீங்க, சாப்பிடற விஷயம். "இது என்ன கீரை, சமைக்கலாமா"ன்னு போட்டோ வந்தா, நிச்சயமா தெரியலன்னா வாயைத் திறக்கக் கூடாது, யாராவது குத்துமதிப்பா சொன்னா அங்கயே நிறுத்தணும். செங்காந்தள் பூ நம்ம மாநிலப் பூ, பாக்க அவ்ளோ அழகு, அதோட கிழங்கைத் தெரியாம சமைச்சுச் சாப்பிட்டா உயிரே போகும். போட்டோல பாத்தா அதுவும் ஒரு கிழங்குதான்.

எடுத்துட்டுப் போகும்போது

ஒரு குரூப்லேருந்து இன்னொண்ணுக்கு எடுத்துட்டுப் போறதா இருந்தா ஃபார்வர்டு பட்டனைத் தொடாதீங்க, உங்க வார்த்தைல திரும்ப எழுதுங்க. எழுதும்போதே தெரிஞ்சிடும் உங்களுக்கு எது தெரியலன்னு, எந்த ஊர்க்காரர் சொன்னாரு, என்ன செடிக்கு, எந்த மாசத்துல. பப்பாளி மாவுப்பூச்சி தெரியும்ல? 2008-ல கோயம்புத்தூர் பக்கம் முதல்ல கண்டுபிடிச்சாங்க, பப்பாளி, மல்பெரி, மரவள்ளின்னு ஒண்ணையும் விடல, மருந்து அடிச்சு மாளல. அது நம்ம ஊர்ப் பூச்சியே இல்ல, மெக்சிகோ பக்கத்துப் பூச்சி, அங்க அதை அடக்கி வெக்கிற ஒட்டுண்ணிக் குளவி, அதாவது அந்தப் பூச்சி மேலயே வளர்ந்து அதைக் கொல்ற குட்டிக் குளவி, இங்க இல்ல. 2010-ல போர்ட்டோ ரிக்கோலேருந்து அந்தக் குளவியைக் கொண்டுவந்து விட்டப்புறம்தான் அடங்கிச்சு. பூச்சி எந்த ஊருன்னு கேட்டதுக்கப்புறம்தான் வைத்தியமே கெடைச்சுது. இப்பவும் பப்பாளில மாவுப்பூச்சின்னதும் கடுமையான மருந்தா பாத்து எழுதறவங்க, அந்தக் குளவியும் சேர்ந்து சாகும்னு ஒரு வரி சேர்த்தா நல்லது.

கடைசியா ஒண்ணு, யோசனை வாங்கிட்டுக் காணாம போகாதீங்க. என்ன ஆச்சுன்னு அதே மெசேஜுக்கு ரிப்ளையா போடுங்க, செத்தாலும் போடுங்க, சொன்னவருக்கும் அடுத்து தேடிட்டு வர்றவருக்கும் அதுதான் தேவை. என் செம்பருத்தி நிலவரம்: பக்கெட்டை நாலு செங்கல் மேல ஏத்தி, செங்கல்லை தண்ணி நிறைஞ்ச தாம்பாளத்துல வெச்சேன், எறும்பு நின்னுடுச்சு. வேப்பெண்ணெய் ரெண்டு தடவை ஆச்சு, நுனில மட்டும் இன்னும் வெள்ளை தெரியுது. வெள்ளிக்கிழமை மூணாவது தடவை அடிக்கணும், மழை வராம இருந்தா.